அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே இரத்தப் பரிசோதனைத் தாளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை புதிய மருந்து, புதிய கருவி, ரோபோ அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பற்றியே இருக்கின்றன. அவை மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்திகள்தாம். ஆனால் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ பெருங்குடலிலோ வாயிலோ கட்டி வந்து, அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஏற்கெனவே எடுத்து முடித்த இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நான்கைந்து எண்களைச் சேர்த்து வைத்துப் படித்தால், அறுவைக்குப் பின் அவர் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே கணிக்கலாம். காத்திருக்கும் நாட்களில் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் முடிவு செய்யலாம். அந்த எண்களைப் பற்றி எழுதவே இக்கடிதம். வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்படாமல் இருந்த காலத்தில் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணியில் சேர்ந்து, நுட்புநராகவே ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன். எனவே சிகிச்சை முறையைப் பற்றி மருத்துவர்களுக்கு எதையும் சொல்ல முற்படவில்லை. ஆய்வகத்திலிருந்து வெளியே போகும் எண்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நான் பணியில் சேர்ந்தபோது எங்களிடம் இரத்த அணுக்களைத் தானே எண்ணும் செல் கவுன்டர் கருவி இல்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தை இழுத்துப் பரப்பி, லீஷ்மன் சாயம் ஏற்றி, உலர்ந்தபின் எண்ணெய்ச் சொட்டு வைத்து, நுண்ணோக்கியில் நூறு வெள்ளணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். கரு பல துண்டுகளாகப் பிரிந்து மெல்லிய இழையால் இணைந்திருந்தால் அது நியூட்ரோபில். உருண்டு திரண்ட கரு அணுவையே அடைத்துக்கொண்டு கருநீலமாகத் தெரிந்தால் அது லிம்போசைட். மருத்துவர்கள் சீட்டில் ‘டி.சி.’ என்று எழுதித் தரும் பரிசோதனை இதுதான். நலமாக இருப்பவருக்கு நூற்றுக்கு அறுபதை ஒட்டி நியூட்ரோபிலும், முப்பதை ஒட்டி லிம்போசைட்டும் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ இரண்டு வரும். உடலில் எங்கேனும் அழற்சி, அதாவது கிருமிக்கோ காயத்துக்கோ கட்டிக்கோ எதிராக உடல் காட்டும் கொதிப்பு, மூண்டால் நியூட்ரோபில் பெருகும். உடல் நெருக்கடியில் இருந்தால், கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்து லிம்போசைட் குறையும். அப்போது வகுத்து வரும் விடை மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிக்கொண்டே போகும். புற்றணுக்களை எதிர்த்து நிற்கும் படையில் லிம்போசைட்டுகளுக்கே முதன்மையான இடம் உண்டு என்பதாலும், நியூட்ரோபில்கள் சில சூழல்களில் கட்டியின் வளர்ச்சிக்கே துணைபோய்விடுகின்றன என்பதாலும், இந்த விகிதத்துக்குப் புற்றுநோய் மருத்துவத்தில் தனி மதிப்பு வந்தது. கட்டித் திசுவுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863-ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். 100 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 40,559 நோயாளிகளையும் ஒன்றாகத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வறிக்கை, இந்த விகிதம் உயர்ந்திருந்தவர்களின் வாழ்நாள் பலவகைத் திடக் கட்டிகளிலும் குறைவாகவே இருந்ததைக் காட்டியது.

அடுத்த இரண்டு எண்களும் கல்லீரலிலிருந்து வருபவை. ஒன்று சி.ஆர்.பி. எனப்படும் புரதம், 1930-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். மற்றொன்று ஆல்புமின், இரத்த நீர் குழாய்களை விட்டு வெளியேறாமல் பிடித்து வைப்பதும், பல மருந்துகளைச் சுமந்து செல்வதும் அதன் வேலை. அழற்சி மூளும்போது இன்டர்லூகின்-6 என்னும் பொருள் இரத்தத்தின் வழியாகக் கல்லீரலை எட்டுகிறது. உடனே கல்லீரல் சி.ஆர்.பி.யை மிகுதியாகவும் ஆல்புமினைக் குறைவாகவும் தயாரிக்கத் தொடங்குகிறது. வீட்டில் விசேஷம் என்றால் அடுப்பு முழுவதும் விருந்துக்கே போய், அன்றாடக் குழம்புக்கு இடமில்லாமல் போவதைப் போன்றது இது. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள ஆல்புமினும் இரத்தக் குழாய்ச் சுவர்கள் வழியே திசுக்களுக்குள் கசிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2003-இல் வகுத்தார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி, ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு புள்ளி. இரண்டு புள்ளியும் பெற்றவர் மிகுந்த கவனத்துக்குரியவர். பின்னர் அதைத் திருத்தியபோது, சி.ஆர்.பி. உயராமல் ஆல்புமின் மட்டும் குறைந்திருந்தால் புள்ளி தர வேண்டியதில்லை என்று மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கும் முன்பே, 1984-இல், ஜப்பானிய அறுவை மருத்துவர் ஒனோதெரா ஆல்புமினையும் லிம்போசைட்டையும் இணைத்து ஒரு குறியீட்டை உருவாக்கியிருந்தார். ஆல்புமின் அளவைப் பத்தால் பெருக்கி, அதனுடன் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்திலுள்ள லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. விடை 45-க்கு மேல் இருந்தால் குடலை வெட்டி இணைப்பதில் அச்சமில்லை, 40-க்குக் கீழே போனால் அந்த நிலையில் அதைச் செய்வது உகந்ததல்ல என்பது அவருடைய கணிப்பு.

எங்கள் பகுதி ஆய்வகங்களில் எந்நாளும் அச்சாகி வெளிவரும் தாளைப் போன்ற ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். மொத்த வெள்ளணு 9,000, நியூட்ரோபில் 78, லிம்போசைட் 14, ஆல்புமின் 2.9, சி.ஆர்.பி. 38. மொத்த வெள்ளணு எண்ணிக்கை இயல்பு எல்லைக்குள் இருப்பதால் அந்த வரியில் நட்சத்திரக் குறி விழாது. நியூட்ரோபில் சற்றே கூடுதல், லிம்போசைட் சற்றே குறைவு. பார்ப்பவர் கண்ணுக்கு அது பெரிதாகப் படாது. ஆல்புமின் கல்லீரல் பரிசோதனைத் தாளில் வேறு பக்கத்தில் இருக்கும். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பிலிருபினைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் சேர்த்துக் கணக்கிட்டால் நியூட்ரோபில் – லிம்போசைட் விகிதம் ஐந்தரையைத் தாண்டுகிறது. கிளாஸ்கோ புள்ளி இரண்டு. லிம்போசைட் எண்ணிக்கை 1,260 என்பதால் ஒனோதெரா குறியீடு 29-உடன் 6.3-ஐக் கூட்ட 35.3 மட்டுமே வருகிறது. தனித்தனி வரிகளாகப் பார்த்தால் ஓரளவு நலமாகத் தோன்றும் ஒருவர், சேர்த்துப் பார்க்கும்போது மூன்று வழியிலும் ஆபத்தின் பக்கம் நிற்கிறார். இக்கணக்குக்குக் கூடுதலாக ஒரு பரிசோதனையும் வேண்டாம், சி.ஆர்.பி. எடுக்காத இடங்களில் அதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

உடல் இளைத்தவருக்கு அறுவை சிகிச்சை ஆபத்தானது என்பது ஏட்டில் ஏறி நெடுங்காலம் ஆகிறது. 1936-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஸ்டட்லி என்ற மருத்துவர், இரைப்பை, முன்சிறுகுடல் புண்ணுக்காக அறுவை செய்துகொண்ட 46 பேரை ஆராய்ந்தார். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்து வந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் இறந்தார்கள். அவ்வளவு இழக்காதவர்களில் நூற்றுக்கு 3.5 பேர். அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர். ஆனாலும் உடல் சொல்லும் செய்தி ஒன்றுதான். அந்நாட்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த, இதயம் சாராத 54,215 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான கட்டுரையில், ஆல்புமின் 4.6-க்கு மேல் இருந்தவர்களில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, 2.1-க்குக் கீழே இருந்தவர்களில் 29 பேர். 2023-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, 75 நாடுகளில் பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட 5,709 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர் கடுமையான ஊட்டக் குறைவுடன்தான் அறுவை மேசைக்கு வந்திருந்தார். அத்தகையோர் முதல் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு, நாடு வளமானதோ ஏழையோ, எங்கும் கூடுதலாகவே இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆல்புமின் குறைந்தால் ‘சத்துக் குறைவு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். உணவை வெறுத்து எலும்பும் தோலுமாக இளைத்துப்போன இளம்பெண்களுக்குக்கூட, உடலில் அழற்சி இல்லையென்றால், ஆல்புமின் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆல்புமின் முதலில் காட்டுவது அழற்சியைத்தான், ஊட்டத்தை அதைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது என்று அமெரிக்க ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம் 2020-இல் தன் நிலைப்பாட்டை அறிவித்திருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆல்புமின் 2.6 என்று கேட்டதும் நகையை அடகு வைத்து ஆல்புமின் பாட்டில் வாங்கி ஏற்றச் சொல்லும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். சில கல்லீரல் நோய்களில் அதற்கு உரிய இடம் உண்டு. ஆனால் தாளில் உள்ள எண்ணை உயர்த்துவதற்காக மட்டும் ஏற்றினால் எண் சில நாட்கள் உயர்ந்து நிற்கும், எண்ணைத் தாழ்த்திய காரணம் அப்படியே இருக்கும். ஆகவே குறைந்த ஆல்புமினைக் கண்டால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு எடை குறைந்திருக்கிறார் என்பது ஒன்று, இவர் உடலில் வேறு எங்கே அழற்சி இருக்கிறது என்பது மற்றொன்று. வாய்ப்புற்று உள்ளவருக்குச் சொத்தைப் பல்லில் சீழ் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஆறாத புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். நம் ஊரில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் முடிவு கட்ட முடியாது. இவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே எண்ணை நேர்மையாக உயர்த்தும் வழி.

எடையைப் பற்றியும் ஒரு சொல். எடை பார்க்கும் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் என்ன எடை என்றுதான் நம் மக்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ரவிக்கை தொளதொளத்துப் போனதையும், மோதிரம் கழன்று விழுந்ததையும், இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டியதையும் தெளிவாகச் சொல்வார்கள். அவற்றையும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில், இந்த எண்களை நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும். சி.ஆர்.பி.யைச் சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராமிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் தருகின்றன; இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. 3.8 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்தவர் அலகைப் படித்தால் அது உண்மையில் 38 என்று அறிந்து திடுக்கிடலாம். சிறிய ஆய்வகங்களில் லேட்டெக்ஸ் முறையில் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று மட்டும் சொல்லும் சி.ஆர்.பி. இக்கணக்குக்கு உதவாது. ஆல்புமினை அளக்கப் பலரும் பயன்படுத்தும் புரோமோகிரசால் கிரீன் சாயம், அழற்சி உள்ளவரின் இரத்தத்தில் மற்ற சில புரதங்களையும் பற்றிக்கொண்டு, உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். புரோமோகிரசால் பர்ப்பிள் முறையில் அந்தப் பிழை குறைவு. கையில் ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்து எடுத்த இரத்தத்தில் ஆல்புமின் கூடும். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும் கையிலிருந்து எடுத்தால் எல்லாமே நீர்த்துக் குறையும். ஸ்டீராய்டு மாத்திரை உண்பவருக்கு நியூட்ரோபில் தானே ஏறும். கீமோ மருந்து ஏற்றிய சில நாட்களில் எல்லா அணுக்களும் விழும். அந்த வேளைகளில் விகிதம் பார்ப்பதில் பொருளில்லை. வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில், பேரணாம்பட்டிலோ ஜவ்வாது மலையடிவாரத்திலோ எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டி இல்லாமல் பேருந்தில் அனுப்பிவிட்டு, மறுநாள் எண்ணி வரும் டி.சி.யை நம்பக்கூடாது. ஒரே நோயாளிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது அதே ஆய்வகத்தில், அதே முறையில் எடுப்பது நல்லது.

எண்களின் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விகிதம் மூன்றுக்கு மேலா, நான்குக்கு மேலா, ஐந்துக்கு மேலா ஆபத்து என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. பல ஆய்வுகள் பழைய கோப்புகளை எடுத்து, முடிவைப் பார்த்த பிறகே எல்லைக்கோட்டை வரைந்தவை. பெரும்பாலானவை ஜப்பான், சீனா, ஐரோப்பிய நாடுகளில் நடந்தவை. தொற்றுநோயும் இரத்தசோகையும் மிகுந்த நம் மக்களுக்கு அதே கோடு பொருந்துமா என்பதை நம் மருத்துவமனைகள்தாம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். மேலும் இவை ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை, தனியொருவரின் தலையெழுத்தைச் சொல்பவை அல்ல. 35.3 குறியீட்டுடன் அறுவை செய்துகொண்டு நலமாக வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் எண் குறைவு என்பதைக் காரணமாகக் காட்டி ஒருவருக்கு அறுவை சிகிச்சையை மறுப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். மறுப்பதற்குக் கருவியாக இவை மாறினால், ஏழையும் முதியவரும்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். அடைப்பு, இரத்தக்கசிவு, குடல் ஓட்டை போன்றவற்றில் எண்ணைப் பார்த்துக் காத்திருக்கவே முடியாது. மற்றவர்களுக்கு, ஊட்டக் குறைவு கடுமையாக இருந்தால், கட்டியாகவே இருந்தாலும் பெரிய அறுவை சிகிச்சையை 7 முதல் 14 நாட்கள் தள்ளிவைத்து உணவூட்டித் தேற்றலாம் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆறு மாதத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை இழப்பு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 18.5-க்குக் கீழ், ஆல்புமின் 3.0-க்குக் கீழ் ஆகியவை அதற்கு அது சொல்லும் அடையாளங்களில் அடங்கும்.

நம் ஊரில் தள்ளிவைக்கவே தேவையில்லாமல் பல நேரங்களில் காத்திருப்பு தானாகவே அமைந்துவிடுகிறது. ஸ்கேன், பயாப்சி முடிவு, காப்பீட்டு அனுமதி, படுக்கை, அறுவை அரங்கு என்று வாரங்கள் ஓடுகின்றன. அந்த வாரங்களில் நோயாளி தேறுவதற்குப் பதிலாக இளைக்கிறார் என்பதுதான் என் ஆதங்கம். குடியாத்தத்தில் தறி நெய்யும் என் உறவினர் ஒருவருக்கு இரைப்பையில் கட்டி வந்தது. நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிக்கு முட்டை ஆகாது, பருப்பு தின்றால் புண்ணில் சீழ் பிடிக்கும், பால் கபம் கட்டும் என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொல்ல, அவர் மனைவி அத்தனையையும் நிறுத்திவிட்டு நொய்க்கஞ்சியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்தால் ஆல்புமின் 2.6 என்று கீழ் மூலையில் அச்சாகியிருந்தது. அதைப் பற்றி அந்தக் குடும்பத்திடம் மருத்துவமனையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறுவைக்குப் பின் குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டு, நெடுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார். அந்த எண்ணைக் கவனித்திருந்தால் கசிவு வந்திராது என்று எவரும் உறுதி கூற முடியாது, நானும் கூறவில்லை. ஆனால் முட்டையும் பருப்பும் கொடுத்திருக்க வேண்டிய வாரங்களில் அவருக்குப் பத்தியம் நடந்தது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

புற்றுநோயாளிக்கு ஒரு நாளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமலும், இயன்றால் ஒன்றரை கிராம் வரையிலும் புரதம் தேவை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து கிராம். மூன்று முட்டையில் ஏறத்தாழ 18 கிராமும், அரை லிட்டர் பாலில் 16 கிராமும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராமும், எழுபத்தைந்து கிராம் பருப்பில் 16 கிராமும் கிடைக்கும். அத்துடன் வழக்கமான கேழ்வரகுக் களியும் சோறும் சேர்ந்தால் தேவை நிறைந்துவிடும். வேர்க்கடலையும் கேழ்வரகும் விளையும் மண் நம்முடையது. டப்பாவில் அடைத்த விலையுயர்ந்த மாவுகளை எல்லாரும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவுக்குழாய்க் கட்டியால் விழுங்க முடியாதவருக்கு மூக்குவழிக் குழாயோ சிறுகுடல் குழாயோ வைத்து ஊட்ட வேண்டும்; குழாய் என்றதும் ‘இனி அவ்வளவுதான்’ என்று குடும்பம் அழுவதைப் பார்த்திருக்கிறேன், அது தேற்றுவதற்கான வழி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த அச்சம் இராது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் நிறைய ஊட்டினால் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், அவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும். இத்துடன் நாள்தோறும் நடப்பது, மூச்சுப் பயிற்சி செய்வது, பீடி சிகரெட்டை விட்டொழிப்பது ஆகியவையும் சேர வேண்டும். தசையை அசைக்காமல் கிடப்பவருக்கு ஊட்டும் புரதம் தசையாகச் சேர்வது கடினம்.

இக்காத்திருப்பு உள்ளூர் மக்களுக்கு மட்டும் உரியதன்று. வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருபவர்கள், காந்தி ரோட்டையொட்டிய விடுதி அறைகளில் சிறு அடுப்பில் சமைத்துக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் செலவை நினைத்து முதலில் குறைப்பது சாப்பாட்டைத்தான். அவர்கள் மொழியில் ஒரு பக்க உணவுக் குறிப்பை அச்சிட்டுத் தருவதும் இந்த ஊரால் செய்ய முடிந்த காரியமே.

அறுவைக்குப் பிறகும் சி.ஆர்.பி.க்கு வேலை உண்டு. எந்தப் பெரிய அறுவைக்குப் பின்னும் அது ஏறும். இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்க வேண்டும். பெருங்குடல் அறுவை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை, நான்காம் நாளில் லிட்டருக்கு 124 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இணைப்பில் கசிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கண்டது. அதற்கு மேல் இருந்தாலே கசிவு என்று பொருளில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று பொருள்.

இவ்வளவையும் ஒரு மாநிலம் செய்ய முடியுமா என்றால், தமிழ்நாடு காசநோயில் செய்து காட்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், உடல் நிறைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் நோய் கண்டறியும் இடத்திலேயே பார்த்து, நிலை மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காசநோயாளியின் உணவுக்கென்று மாதந்தோறும் வங்கிக் கணக்கில் பணமும் வருகிறது. 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கியது இப்போது 1,000 ரூபாய். புற்றுநோய்க்காக அறுவைக்குக் காத்திருப்பவரின் உடல் தேவை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களை வீடு தேடிச் சென்று கண்டறியும் பணியை அரசு முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அடங்கும். கண்டறியப்படுவோர் எண்ணிக்கை கூடும்போது அறுவைக்குக் காத்திருப்போர் வரிசையும் நீளும் என்பதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மூன்று மாவட்டங்களின் தலைமை மருத்துவமனைகளிலும், புற்றுநோய் அறுவைக்கு நாள் குறிக்கும் சீட்டிலேயே எடை இழப்பு, ஆல்புமின், சி.ஆர்.பி., நியூட்ரோபில் – லிம்போசைட் விகிதம், ஒனோதெரா குறியீடு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் அச்சிட்டு, அவற்றை நிரப்பிய பிறகே நாள் குறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவருமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். செல் கவுன்டர் கருவிகளே விகிதத்தைக் கணக்கிட்டு அச்சிடும்படி செய்துவிட்டால் மருத்துவருக்கு வேலையும் கூடாது. கட்டங்களில் ஏதேனும் ஒன்று எல்லையைத் தாண்டினால் அன்றைக்கே உணவியல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அவர் நோயாளியிடம் பேசுவதைவிடச் சமைப்பவரிடம் பேசுவதே பயன் தரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அறுவைத் தொகுப்புகளில், அறுவைக்கு முந்தைய இரண்டு வார உணவூட்டமும் உடற்பயிற்சி ஆலோசனையும் தெளிவான பெயரில் இடம்பெற வேண்டும். நிரப்பிய கட்டங்களையும், அறுவைக்குப் பின் முப்பது நாட்களில் நோயாளிக்கு நேர்ந்ததையும் ஒரே பதிவேட்டில் எழுதி வைத்தால், எந்த எல்லைக்கோடு நம் வட ஆர்க்காட்டு மக்களுக்குப் பொருந்தும் என்பதைச் சில ஆண்டுகளில் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளே கூறிவிட முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை மாவட்டம்.